ஈயக்குண்டுக்குள் 82

கல்லடியில் ஒரு தகரக் கொட்டிலில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். அன்றைக்கு அணுவெண் பாடம். "ஒரு மூலகத்தின் அணுக்கருவில் உள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையே அதன் அணுவெண்" என்று எழுதிப் போட்டேன். எல்லோரும் கொப்பியில் இறக்கினார்கள். பின்வாங்கில் ஒரு பிள்ளை மட்டும் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் வாவியில் வீச்சுவலை எறிகிறவர்.

"சேர், ஈயம் நல்ல பாரம். அதாலதானே வலையில கட்டுற. அப்ப பாரத்த வெச்சு ஈயம் எண்டு சொல்லாம, ஏன் புரோத்தன எண்ணணும்? ஆரு எண்ணிப் பாத்த?"

மணி ஆறாகிவிட்டது, வெளியே தாய்மார் காத்து நின்றார்கள். "மறுகா சொல்றன் மகள்" என்று அனுப்பிவிட்டேன். அந்த மறுகாதான் இது.

அவள் கேட்டது இரண்டு கேள்வி. முதலாவது, உலகத்து இரசாயனவியலாளர் எல்லோரும் நாற்பது வருடத்துக்கு மேல் நம்பியிருந்த விசயம். மூலகத்தை அடையாளம் காட்டுவது அதன் பாரம் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். 1869 இல் மெந்தலீவ் ஆவர்த்தன அட்டவணையை அடுக்கியது அணுத்திணிவின் ஒழுங்கில். பாரம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போனால் குணங்கள் திரும்பத் திரும்ப வரும் என்று கண்டார். அது பெரும்பாலும் சரியாகவே வந்தது.

சரிவராத இடங்கள்தான் நமக்கு வேண்டியவை. தெலூரியத்தின் அணுத்திணிவு 127.6, அயடீனுடையது 126.9. பாரப்படி பார்த்தால் அயடீன் முன்னுக்கு வரவேண்டும். ஆனால் அயடீன் குணத்தில் குளோரீனுக்கும் புரோமீனுக்கும் உடன்பிறப்பு. அதை அந்த வரிசையிலிருந்து பிரிக்கவே முடியாது. மெந்தலீவ் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, தெலூரியத்தை யாரோ பிழையாக அளந்திருக்கிறார்கள் என்றார். அளவு பிழையில்லை. பிறகு 1894 இல் ஆகன் வாயுவைக் கண்டுபிடித்தபோது அதே வில்லங்கம் மறுபடி வந்தது. ஆகன் 39.95, பொற்றாசியம் 39.10. பாரத்தை நம்பினால், எதனோடும் சேராத ஆகன், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியத்துக்குக் கீழே போய் உட்காரவேண்டும். கோபாற்றும் நிக்கலும் மூன்றாவது சோடி.

நமது பாடநூல் விஞ்ஞானத்தில் எனக்கொரு மனக்குறை உண்டு. வரைவிலக்கணத்தைத் தருகிறோம், அது எந்த இக்கட்டிலிருந்து பிறந்தது என்பதைத் தருவதில்லை. ஆகனையும் பொற்றாசியத்தையும் மட்டும் ஐந்து நிமிடம் பேசினால் போதும், பாரம் ஏன் காணாது என்பது பிள்ளைக்கு விளங்கிவிடும்.

பாரம் இல்லையென்றால் இலத்திரனா? இதுவும் வகுப்பில் வரும் கேள்விதான். கருவாட்டுக்குப் போடும் உப்பை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள சோடியம் ஒரு இலத்திரனைக் குளோரீனுக்குக் கொடுத்துவிட்டு 10 இலத்திரனோடு இருக்கிறது. நியோன் வாயுவிலும் 10 இலத்திரன். பற்பசையில் இருக்கும் புளோரைட்டிலும் 10. மூன்றிலும் ஒரே எண்ணிக்கை. ஆனால் ஒன்று உப்பில் கிடக்கிறது, ஒன்று விளம்பர விளக்கில் சிவப்பாக எரிகிறது, ஒன்று பல்லைக் காக்கிறது. உப்பை உருக்கி மின்சாரம் பாய்ச்சினால் சோடியத்துக்கு அந்த ஒரு இலத்திரன் திரும்பக் கிடைக்கும், பளபளவென்று உலோகமாக வந்து நிற்கும். நடுவில் என்ன நடந்திருந்தாலும் அதன் கருவில் 11 புரோத்தன் அப்படியே இருந்தது. புளோரீனில் 9, நியோனில் 10.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்? ஒவ்வொரு புரோத்தனுக்கும் ஒரு நேரேற்றம். கருவில் 82 நேரேற்றம் இருந்தால், சுற்றிலும் 82 இலத்திரன்களை அது இழுத்து வைத்துக்கொள்ளும். அவை எந்தெந்த மட்டத்தில் போய் இருக்கின்றன, விளிம்பில் எத்தனை நிற்கின்றன, அவற்றை அடுத்த அணு எவ்வளவு எளிதாகப் பிடுங்கலாம் என்பதுதான் இரசாயனம் முழுவதும். துரு, நொதித்தல், சவர்க்காரம், சமிபாடு எல்லாம் அந்த விளிம்பில் நடக்கிற கொடுக்கல் வாங்கல். இலத்திரன் வரும், போகும். அதை வரவழைக்கிற எண் உள்ளே அசையாமல் இருக்கும். நியூத்திரனுக்கு ஏற்றம் கிடையாது. அதனால் அது பாரத்தைக் கூட்டும், புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறாமல் கருவைக் கட்டிவைக்க உதவும்; விளிம்பில் நிற்கிற இலத்திரனோடு அதற்குப் பேச்சில்லை.

அந்த உள்ளே என்பது எவ்வளவு உள்ளே என்பதையும் பார்க்கவேண்டும். கல்லடிப் பழைய பாலத்தின் நீளம் முந்நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஈய அணுவை அந்தப் பாலத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை அகலமாக ஊதிப் பெருப்பித்தால், அதன் கரு பாலத்தின் நடுவில் கிடக்கும் ஒரு சுண்டைக்காய். அணுவின் பாரம் முழுவதும், ஏறத்தாழ ஒரு சொட்டு மிச்சமில்லாமல், அந்தச் சுண்டைக்காய்க்குள். அடுப்பு நெருப்பு, அமிலம், மின்கலம் எதுவாயினும் பாலத்தின் இரு கரையில்தான் வேலை செய்யும். கருவுக்குள் கைவைக்க, இரசாயனத் தாக்கத்தில் புழங்குவதைப் போலப் பத்து இலட்சம் மடங்கு ஆற்றல் வேண்டும். மூலகத்தின் பெயர் நிலைத்து நிற்பது இந்தத் தூரத்தாலும் இந்த விலையாலும்தான்.

சரி, ஆரு எண்ணிப் பாத்த?

1911 இல் இரதபோட் அணுவுக்குள் கரு இருப்பதைச் சொன்னார். அதே காலத்தில் வன் டென் புறூக் என்ற ஒல்லாந்துச் சட்டத்தரணி, தொழிலால் விஞ்ஞானியே அல்லாதவர், அட்டவணையில் ஒரு மூலகம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுதான் கருவின் ஏற்றம் என்று ஊகித்து எழுதினார். ஊகத்தை அளந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி. 1913 இல் அவருக்கு இருபத்தைந்து வயது. ஒவ்வொரு மூலகமாக எடுத்து இலத்திரன் கற்றையால் அடித்தார். அவற்றிலிருந்து வந்த எக்ஸ்-கதிர்களைப் படப்பிடித்தார். அடிபட்ட அணுவில் ஆக உள்ளே இருக்கும் இலத்திரன் ஒன்று வெளியே தெறிக்கும். அந்த வெற்றிடத்தில் மேல்மட்டத்து இலத்திரன் விழும். விழும்போது ஒரு எக்ஸ்-கதிர் வரும். கருவுக்கு மிகக் கிட்ட நடப்பதால் அந்தக் கதிரின் ஆற்றல் கருவின் ஏற்றத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை வரைந்து பார்த்தார் மோஸ்லி. மூலகத்துக்கு மூலகம் ஒரே அளவான படி, மாடிப்படி மாதிரி. கோபாற்று 27ஆம் படியில், நிக்கல் 28ஆம் படியில். பாரம் போட்ட சிக்கல் தீர்ந்தது. அவருடைய படங்களில் பித்தளையும் உண்டு. அதில் செம்பின் 29க்கும் நாகத்தின் 30க்கும் உரிய கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்திருந்தன. வீட்டுக் குத்துவிளக்கை வைத்தாலும் அதே கோடுகள்தான் வரும்.

படிகளில் இடைவெளியும் தெரிந்தது. 43, 61, 75 ஆகிய இடங்களில் ஆள் இல்லை என்றார். மூன்றும் பின்னாளில் கிடைத்தன. மோஸ்லி அதைப் பார்க்கவில்லை. முதலாம் உலகப்போரில் படையில் சேர்ந்து, 1915 ஆகஸ்ட் 10 இல் கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்தார், வயது 27. புரோத்தன் என்ற பெயரையே இரதபோட் வைத்தது 1920 இல்தான். பெயர் வருமுன் எண்ணிக்கை வந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்த எண்ணும் வேலை இப்போது நகைக்கடைக்கும் வந்திருக்கிறது. மோதிரத்தைச் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடி, அரை நிமிடத்தில் பொன் இத்தனை வீதம், செம்பு இத்தனை வீதம் என்று திரையில் காட்டுகிறார்களே, அந்தப் பெட்டிக்குள் நடப்பது மோஸ்லியின் வேலைதான். உரைகல்லில் தேய்க்காமல், உருக்காமல், 79 எங்கே 29 எங்கே என்று கதிரின் ஆற்றலைப் பார்த்துச் சொல்கிறது.

இனி எங்கள் தீவுக்கு வருகிறேன். இந்தக் கதையின் நடுப்பகுதி இலங்கைக் கல்லில் எழுதப்பட்டது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

ஆனந்த குமாரசுவாமி என்றால் நமக்குக் கலை வரலாறுதான் நினைவுக்கு வரும். அவர் முதலில் கனிப்பொருள் ஆய்வாளர். 1904 இல் சப்பிரகமுவப் பக்கம் கறுப்பாக, அளவுக்கு மீறிய பாரத்தோடு இருந்த சிறு பளிங்குக் கற்களைக் கண்டார். தோரியனைற்று என்று பெயராயிற்று. அந்தக் கல்லிலிருந்து எடுத்த பொருள் இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே ஆங்கிலம் பழக வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞரிடம், இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடு என்றார்கள். 1905 இல் அவர் அதில் புதிதாக ஒன்றைக் கண்டு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். தோரியம் என்ற கதிர்வீசும் மூலகத்தைவிட அது வெகு கடுமையாகக் கதிர் வீசியது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த இரசாயன முறையாலும் திரும்பப் பிரிக்க முடியவில்லை. கரைத்தாலும் சேர்ந்தே கரைந்தது, வீழ்படிவாக்கினாலும் சேர்ந்தே வீழ்ந்தது.

இன்று நமக்குக் காரணம் தெரியும். இரண்டிலும் 90 புரோத்தன். ஒன்றில் நியூத்திரன் 142, மற்றதில் 138. இப்படியான சோடிகள் கூடிக்கொண்டே போனபோது, 1913 இல் பிரடரிக் சொடி, இவை அட்டவணையில் ஒரே இடத்தில் இருக்கவேண்டியவை என்றார். அதற்குச் சம இடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டொட் என்ற மருத்துவர். நாங்கள் சமதானி என்கிறோம். தானம் என்றால் இடம், சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல இப்படிச் சொல் தேடியவர்களில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளும் ஒருவர். விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் தலைமை நின்று உழைத்தவர். அவருடைய சமாதி நான் படிப்பிக்கிற கொட்டிலிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

சொடி சொன்னது சரியென்றால் ஒரு சோதனை உண்டு. தோரியம் கதிர்வீசி வீசிக் கடைசியில் ஈயமாக நிற்கிறது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அப்படிப் பிறந்த ஈயம் கடை ஈயத்தைவிடப் பாரமாக இருக்கவேண்டும். அதற்கு யுரேனியம் குறைவாகவும் தோரியம் நிறைவாகவும் உள்ள கல் தேவை. மறுபடியும் இலங்கைதான் கைகொடுத்தது. தோரைற்று என்ற கல்லைத் தருவித்து அதிலிருந்த சிறிதளவு ஈயத்தைப் பிரித்தெடுத்தார். சாதாரண ஈயத்தின் அணுத்திணிவு 207.2; 1914 இல் இந்த ஈயத்துக்கு அவருக்குக் கிடைத்தது 208.4. அளவு துல்லியமில்லை என்று சொல்லிவிடக்கூடும் என்பதால், அடுத்த வருடம் வேறு வழியில் அடர்த்தியை அளந்தார். இலங்கை ஈயம் 0.26 வீதம் அடர்த்தி கூட. அதே நேரத்தில் அமெரிக்காவில் தியோடர் ரிச்சட்ஸ், யுரேனியக் கல்லில் பிறந்த ஈயத்தை அளந்தபோது அது சாதாரண ஈயத்தைவிட இலேசாக இருந்தது. ஆனால் மூன்று ஈயமும் ஒரே வெப்பத்தில் உருகும், ஒரே அமிலத்தில் ஒரே மாதிரிக் கரையும், ஒரே நிறத்து வீழ்படிவு தரும்.

அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய வலைக்கு இதைக் கொண்டுவந்து பார்க்கலாம். 100 கிராம் ஈயக்குண்டு ஒன்று. அதே அச்சில் சொடியின் இலங்கை ஈயத்தை வார்த்தால் 100.26 கிராம் வரும். கால் கிராம் வித்தியாசம். வலை அதே மாதிரித்தான் விரியும், அதே மாதிரித்தான் அடியில் இறங்கும், மீனுக்கும் தெரியாது. தோரியத்தில் பிறந்த ஈய அணுவுக்குள் 126 நியூத்திரன், யுரேனியத்தில் பிறந்ததற்குள் 124. புரோத்தன் இரண்டிலும் 82. பாரம் வேறு, பெயர் ஒன்று.

தோரியம் எப்படி ஈயமாகிறது என்பதைப் பாம்பும் ஏணியும் விளையாட்டாக நினைத்தால் பிழையில்லை. அல்பாத் துணிக்கை ஒன்று வெளியேறினால் இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் போய்விடும். அது பாம்பு, இரண்டு கட்டம் கீழே. பீற்றாவில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி ஒரு இலத்திரனை வெளியே எறியும். அது ஏணி, ஒரு கட்டம் மேலே. 90இல் தொடங்கி ஆறு பாம்பு, நாலு ஏணி: 90இல் 12 போக 78, அதோடு 4 சேர்க்க 82. பாதிவழியில் அது ஒருமுறை 82க்கு வந்துவிட்டு, நிற்க முடியாமல் பிசுமத்தாகிய 83க்கும், பெரும்பாலும் அங்கிருந்து பொலோனியமாகிய 84க்கும் ஏறித் திரும்ப இறங்கும். அந்த இடத்தில் ஈயம், பிசுமத்து, பொலோனியம் மூன்றுக்கும் திணிவெண், அதாவது புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்த தொகை, 212தான். இங்கே பாரம் ஒன்று, பெயர் மூன்று. இலங்கை ஈயத்தையும் இதையும் அருகருகே வைத்தால் அவளுடைய முதல் கேள்விக்குப் பதில் முடிந்தது.

அவசரப்பட்டு ஓடினால் வருமா என்றால் வராது. தோரியம் பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டு எடுக்கும். நம் உடம்பிலும் இப்படி மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது: வாழைப்பழத்திலும் இளநீரிலும் வரும் பொற்றாசியத்தில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலான அணுக்கள் கதிர்வீசுபவை. வளர்ந்த ஒருவர் உடம்பில் செக்கனுக்கு நாலாயிரத்துக்கு மேல் பொற்றாசிய அணு கல்சியமாகவோ ஆகனாகவோ மாறுகிறது. யாரும் கேட்டதில்லை, யாருக்கும் வலித்ததில்லை.

ஒரு விலக்கையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் பெரிய வகுப்பில் பிள்ளைகள் என்னைக் குறைசொல்வார்கள். ஐதரசனில் மட்டும் நியூத்திரன் சற்று அதிகாரம் காட்டும். ஒரே ஒரு புரோத்தனுள்ள கருவோடு ஒரு நியூத்திரன் சேர்ந்தால் பாரம் இரட்டிப்பாகிவிடுகிறதே. அப்படியான ஐதரசனில் செய்த பாரநீர் 3.8 பாகையிலேயே உறையும், 101.4 பாகையில் கொதிக்கும். ஆனாலும் அது நீர்தான்.

இரசவாதத்தைத் தொடாமல் இந்தப் பாடம் முடிவதில்லை. சித்தர்கள் பாதரசத்தைப் பிடித்துக்கொண்டது கணக்குப்படி நல்ல தெரிவு: பாதரசம் 80, பொன் 79. ஒரே ஒரு புரோத்தன் தூரம். அவர்களிடம் இருந்தது நெருப்பு, நெருப்புக்கு எட்டுவது பாலத்தின் கரைதான். ஈயத்திலிருந்து மூன்று புரோத்தன் போனாலும் பொன். அதைச் செய்தே விட்டார்கள். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் ஈயக் கருக்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்ட ஓடவிட்டு, ஒன்றையொன்று மோதாமல் உரசிப் போகவைத்தபோது சில ஈயக் கருக்கள் மூன்று புரோத்தனை இழந்தன. 2015 முதல் 2018 வரை இப்படிப் பிறந்த பொன் அணுக்கள் 8,600 கோடி என்று 2025 இல் அறிவித்தார்கள். கேட்கப் பெரிய தொகை. ஒரு கிராம் பொன்னைப் பத்தாயிரம் கோடி கூறாக்கினால் அதில் மூன்று கூறுகூட முழுதாக வராது. அதுவும் கண்ணிமைக்குமுன் சிதறிவிட்டது.

கதிரவெளியிலும் திருக்கோவிலிலும் இல்மனைற்று மண் என்றால் ஆட்கள் கொதித்தெழுவது ஏன் என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கறுப்பு மணலில் இரும்பு 26, தைத்தேனியம் 22, ஒட்சிசன் 8. தைத்தேனியத்துக்கு உலகத்தில் விலை. இரும்பிலிருந்து நாலு புரோத்தனை மலிவாகக் கழற்ற ஒரு வழி இருந்திருந்தால் பழைய இரும்புக் கடையிலேயே தைத்தேனியம் செய்திருப்பார்கள். எங்கள் கடற்கரையைத் தோண்ட ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள் என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு இதில் பாதியைச் சொல்லிக்கொண்டு போகும்போது, குண்டு எங்கே வார்க்கிறீங்க என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"வீட்டுப் பின்வளவிலதான் சேர். பழைய பற்றரி ஈயத்த அப்பா தாச்சியில உருக்குவாரு."

"மறுகா அந்தத் தாச்சிய?"

"கழுவி வெச்சிருவம்."

பாடத்தை அங்கே நிறுத்தவேண்டியதாயிற்று. பூச்சிமருந்து போன்ற நஞ்சு மூலக்கூறு. வெயிலும் நுண்ணுயிரும் நாளடைவில் அதை உடைத்துப்போடும், உடைந்தால் அந்தப் பெயர் போய்விடும். ஈயத்தில் உடைக்க ஒன்றுமில்லை. புகையாகப் போனாலும், சாம்பலில் கிடந்தாலும், முருங்கைக்கு அடியில் மண்ணோடு கலந்தாலும் 82 குறையாது. உடம்புக்குள் போனால் அது எலும்பைத் தேடிப் போகும். ஈயமும் விளிம்பில் இரண்டு இலத்திரனை இழந்து நிற்பதால் எலும்பு அதைக் கல்சியம் என்று எடுத்து வைத்துக்கொள்கிறது. கல்சியத்தின் கருவில் 20தான் என்று பார்க்க உடம்பிடம் மோஸ்லியின் பெட்டி இல்லை. அங்கே வருடக்கணக்கில் கிடக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளைக்குத்தான் கூடுதல் கேடு. அவளுக்கு நாலு வயதில் தம்பி இருக்கிறான்.

அதற்கடுத்த கிழமை வந்தவள், தாச்சியை அம்மா எறிந்துவிட்டதாகச் சொன்னாள். அப்பாவுக்கு ஏச்சு விழுந்ததாம். குண்டு இப்போது எங்கே வார்க்கிறார் என்று கேட்டேன். கடையில் வார்த்த குண்டு வாங்கலாம் என்று பார்க்கிறாராம், விலைதான் கூட என்றாள். பிறகு கொப்பியைத் திறந்து, 43ஆம் படியில் கடைசியாக ஆர் வந்த என்று கேட்டாள்.